தொழிற்சாலை மின்பலகைக்கு எஃப்பிஜிஏ சில்லு தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காக்கி புக்கிட், உபி, உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைகளில் சிறு நிறுவனங்களுக்காகக் கட்டுப்பாட்டுப் பலகைகளை வடிவமைக்கும் தமிழ்ப் பொறியாளர்களும், பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எஃப்பிஜிஏ என்பது உள்ளிருக்கும் சுற்றை நாமே எழுதி அமைக்கும் சில்லு. அதன் தரவேட்டில் (நிறுவனம் தரும் விவரக்குறிப்பில்) முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தர்க்க அலகு (சுற்றை அமைக்கும் அடிப்படைத் துண்டு) எண்ணிக்கையை வைத்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். தொழிற்சாலைப் பலகை தோற்பது பெரும்பாலும் அங்கே இல்லை. மின்சாரம் வந்த முதல் நொடியிலும், விற்றுப் பத்தாண்டு கழித்து மாற்றுச் சில்லு தேடும்போதும்தான் தவறான தேர்வு கழுத்தைப் பிடிக்கிறது. அதனால் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பிஎல்சி என்பதும் எஃப்பிஜிஏவும் ஒன்றுதானா?

இல்லை. பிஎல்சி என்பது மின் அலமாரிக்குள் உலோகப் பட்டையில் (டின் ரெயில்) மாட்டும் முழுமையான கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குள் ஒரு செயலி நிரலை வரிசையாக ஓட்டிக்கொண்டிருக்கும். இங்கே நாம் பேசுவது பலகையில் பற்றவைக்கும் ஒற்றைச் சில்லைப் பற்றி. அதற்குள் இருக்கும் சுற்றையே நாம் எழுதி அமைக்கிறோம். பல பிஎல்சிகளின் வயிற்றுக்குள்ளும் இப்படியொரு சில்லு இருக்கும்.

மைக்ரோகன்ட்ரோலர் போதாதா? அது மலிவாயிற்றே?

மைக்ரோகன்ட்ரோலர் என்பது நிரலை வரிசையாக ஓட்டும் ஒற்றைச் சில்லுக் கணினி. அது போதும் என்றால் அதையே போடுங்கள். வேலை குறையும், நிரல் எழுத ஆளும் எளிதில் கிடைக்கும்.

எப்போது போதாது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சுற்றுக்கு 10,000 கோடுகள் கொண்ட என்கோடர் (மோட்டாரின் சுழற்சியை அளக்கும் கருவி), நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஓடுகிறது. நொடிக்கு 50 சுற்று, 5 லட்சம் கோடுகள். இரண்டு தடங்களின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து எண்ணினால் நொடிக்கு 20 லட்சம் விளிம்புகள். ஓர் அச்சு, அதாவது ஒரு மோட்டார், என்றால் நல்ல மைக்ரோகன்ட்ரோலரில் இருக்கும் டைமர் இதை அலட்டிக்கொள்ளாமல் எண்ணிவிடும். எட்டு அச்சுகள், எட்டின் நிலையையும் ஒரே துடிப்பில் பதிந்துகொள்ள வேண்டும், அதில் ஒன்று எல்லையைத் தாண்டினால் ஒரு மைக்ரோவினாடிக்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்றால், அந்த இடத்தில் எஃப்பிஜிஏதான் சரி. ஒரே நேரத்தில் பல வேலைகள், தவறாத நேரக் கட்டுப்பாடு ஆகிய இரண்டும் சேர்ந்து தேவைப்படுகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

சிபிஎல்டி, எஃப்பிஜிஏ என்று பிரித்துச் சொல்கிறார்களே. எதைப் பார்ப்பது?

அந்தப் பெயர்ப் பிரிவு இப்போது மங்கிவிட்டது. சிபிஎல்டி என்றால் சிறிய நிரல்படு சில்லு, தன் அமைப்பை (நாம் எழுதிய சுற்றின் விவரத்தை) தனக்குள்ளேயே வைத்திருப்பது, மின்சாரம் வந்தவுடன் விழிப்பது. எஃப்பிஜிஏ என்றால் பெரியது, எஸ்ரேம் (மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகம்) அடிப்படையிலானது, ஒவ்வொரு முறையும் வெளி ஃபிளாஷிலிருந்து (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்திலிருந்து) அமைப்பைப் படித்துக்கொள்வது. பழைய இலக்கணம் அதுதான். லேட்டிஸின் மேக்எக்ஸ்ஓ2, அல்டெராவின் மேக்ஸ் 10 போன்றவை எஃப்பிஜிஏ கட்டமைப்போடு ஃபிளாஷையும் உள்ளேயே வைத்திருக்கின்றன. ஆகவே பெயரைக் கேட்காதீர்கள். அமைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, எத்தனை மில்லிவினாடியில் விழிக்கிறது என்று கேளுங்கள்.

எவ்வளவு பெரிய சில்லு வேண்டும் என்று எப்படிக் கணிப்பது?

காகிதத்தில் கணிக்காதீர்கள். நிறுவனத்தின் இலவச மென்பொருளை இறக்கி, முக்கியமான பகுதிகளை மட்டும் எழுதி, ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். அது காட்டும் எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு இடமுள்ள சில்லை எடுங்கள். வாடிக்கையாளர் பிற்பாடு "இன்னும் ஒரு சென்சர்தானே" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. "தர்க்க அலகு" என்ற எண் விளம்பரத்துக்காகப் பெருக்கிச் சொல்லப்படுவது. சைலிங்க்ஸ் (இப்போது ஏஎம்டி) நிறுவனத்தின் ஸ்பார்ட்டன்-7 வரிசையின் எக்ஸ்சி7எஸ்50 சில்லில் 52,160 தர்க்க அலகுகள் என்று போட்டிருக்கும். உண்மையில் இருப்பவை 32,600 தேடல் அட்டவணைகள் (உள்ளீட்டுக்கு ஏற்ப விடை தரும் சிறு நினைவகத் துண்டுகள்). அவை ஆறு உள்ளீடு கொண்டவை என்பதால் 1.6 மடங்காகக் காட்டுகிறார்கள். இன்னொரு நிறுவனத்தின் சில்லு நான்கு உள்ளீடு கொண்டதாக இருக்கலாம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

தொழிற்சாலைப் பலகையில் தர்க்கத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது பெரும்பாலும் கால்கள்தான். முதலில் உள்ளீடு, வெளியீடுகளை எண்ணுங்கள்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? ஒரு பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்லத் தயங்கவில்லை. சென்சர் படிப்பது, ரிலே இயக்குவது, என்கோடர் எண்ணுவது, பழைய தர்க்கச் சில்லுகளை ஒன்றாக அடக்குவது போன்ற வேலைகளுக்கு மேக்எக்ஸ்ஓ2 அல்லது மேக்ஸ் 10. முதலாவது 256 முதல் ஏறத்தாழ 6,900 தேடல் அட்டவணைகள் வரை, இரண்டாவது 2,000 முதல் 50,000 தர்க்க அலகுகள் வரை. இரண்டிலும் ஒற்றை 3.3 வோல்ட் மின்வழங்கலில் ஓடும் வகைகள் உண்டு, பக்கவாட்டில் கால்கள் நீட்டிய உறையிலும் கிடைக்கும். மேக்ஸ் 10 வகைகள் பலவற்றில் அனலாக் அளவீட்டு வசதியும் உள்ளேயே இருக்கிறது. கேமராப் படத்தை அலசுவது, வேகமான ஈதர்நெட், அதிகப் பெருக்கல் கணக்கு என்று வந்தால் ஸ்பார்ட்டன்-7, ஆர்ட்டிக்ஸ்-7 பக்கம் போங்கள். அங்கே போனால் வெளி ஃபிளாஷும், 1.0, 1.8, 3.3 வோல்ட் என்று பல மின்வழங்கல்களும் கூடவே வரும். தேவையில்லாமல் அந்தச் சுமையை ஏற்காதீர்கள்.

பலகையை ஆன் செய்யும்போது வால்வு ஒரு கணம் திறந்து மூடுகிறது. நிரலில் தவறே இல்லையே?

நிரலில் தவறு இருக்காது. அந்தக் கணத்தில் நிரலே இல்லை.

எஸ்ரேம் அடிப்படையிலான சில்லு மின்சாரம் வந்ததும் வெறுமையாக இருக்கும். எக்ஸ்சி7எஸ்50க்குத் தேவையான அமைப்புக் கோப்பு ஏறத்தாழ 1.75 கோடி பிட்டுகள். ஒற்றைக் கம்பியில் 33 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் படித்தால் அரை நொடிக்கு மேல் ஆகும். நான்கு கம்பிகளில் 66 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 66 மில்லிவினாடி. அதுவரை கால்கள் எதையும் இயக்காமல் மிதக்கும். அரை நொடி என்பது காற்றழுத்த வால்வுக்கும் ரிலேவுக்கும் நீண்ட காலம். ஒரு சிலிண்டர் நீண்டு யாருடைய விரலையாவது நசுக்க அது தாராளமாகப் போதும்.

"கீழிழுப்பு மின்தடை (காலைத் தரையோடு இணைத்துப் பூஜ்யத்தில் வைக்கும் மின்தடை) போட்டிருக்கிறேனே" என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் 10 கிலோஓம். இங்கேதான் சிக்கல். 7 வரிசைச் சில்லுகளில் (ஸ்பார்ட்டன்-7, ஆர்ட்டிக்ஸ்-7 போன்றவை) அமைப்பு ஏறும்வரை எல்லாக் கால்களிலும் உள்ளிருக்கும் மேலிழுப்பு மின்தடைகளை (காலை மின்வழங்கலோடு இணைப்பவற்றை) இயக்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தனிக் கால் ஒன்று உண்டு. அதன் பெயர் பியுடிசி. அதைத் தரையோடு இணைத்திருந்தால் மேலிழுப்பு இயங்கும். 3.3 வோல்ட்டில் அந்த மேலிழுப்பு 330 மைக்ரோஆம்பியர் வரை தரலாம் என்கிறது தரவேடு. அதாவது அது ஏறக்குறைய ஒரு 10 கிலோஓம் மின்தடைக்குச் சமம். உங்கள் 10 கிலோஓம் கீழே இழுக்க, அது மேலே இழுக்க, கால் 1.65 வோல்ட்டில் நடுவில் தொங்கும். அடுத்திருந்து வால்வையோ ரிலேவையோ இயக்கும் டிரைவர் சில்லு அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுமா, ஒன்று என்றா? பலகைக்குப் பலகை மாறும், வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும். சோதனை மேசையில் ஒழுங்காக ஓடிவிட்டு வாடிக்கையாளரின் தளத்தில் துள்ளும்.

தீர்வு: பியுடிசி காலை மேலே கட்டி மேலிழுப்பை நிறுத்துங்கள். ஆபத்தான வெளியீடுகளுக்கு 1 கிலோஓம் கீழிழுப்பு போடுங்கள். அதற்கும் மேலாக, வெளியீட்டு டிரைவரின் அனுமதிக் காலை "அமைப்பு முடிந்தது" என்று சில்லு சொல்லும் சமிக்ஞையோடு இணைத்துவிடுங்கள். உள்ளேயே ஃபிளாஷ் உள்ள சில்லுகள் சில மில்லிவினாடிகளில் விழித்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. குறைவுதான், இல்லை என்று ஆகாது. கீழிழுப்பு மின்தடையை அங்கேயும் விட்டுவிடாதீர்கள். மனிதர் கை போகும் இயந்திரமென்றால் அவசர நிறுத்தத்தை எந்த நிரல்படு சில்லின் வழியாகவும் விடவே கூடாது, தனிப் பாதுகாப்பு ரிலே வேண்டும்.

சிங்கப்பூரில் பனியா கொட்டுகிறது? தொழில்தர வெப்பநிலை வகைக்கு எதற்குக் கூடுதல் விலை?

வணிகத் தரம் 0 முதல் 85 டிகிரி செல்சியஸ், தொழில்தரம் மைனஸ் 40 முதல் 100. இந்த எண்கள் பெரும்பாலான எஃப்பிஜிஏக்களில் சில்லின் உள்வெப்பநிலையைக் குறிக்கின்றன. சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை என்று நினைத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பிவிடும்.

மொட்டைமாடியில் குளிரூட்டிக் கருவிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 32 டிகிரி. நேர் வெயில், உள்ளே மின்மாற்றியின் சூடு எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் 60 என்று வைத்துக்கொள்வோம். சில்லு 1.5 வாட் எடுக்கிறது. உறையின் வெப்பத் தடை வாட்டுக்கு 20 டிகிரி என்றால் 30 டிகிரி கூடும். உள்ளே 90. வணிகத் தரம் எல்லையைத் தாண்டிவிட்டது, தொழில்தரத்துக்கு இன்னும் 10 டிகிரி மிச்சம். சூடு ஏற ஏறச் சில்லின் கசிவு மின்னோட்டமும் ஏறும் என்பதால் அந்த 10 டிகிரியையும் முழுதாக நம்ப வேண்டாம். காற்றோட்டம் இல்லாத, விசிறி இல்லாத பெட்டி என்றால் தரவேட்டில் அசையாக் காற்றுக்கான வெப்பத் தடையைத் தேடி எடுங்கள். அருகில் இருக்கும் சிறிய எண் விசிறியுள்ள நிலைக்கானது.

குளிர்ப் பக்கமும் இங்கே உண்டு. மீன்பிடித் துறைமுகச் சாலைப் பக்கம் உள்ள குளிர்பதனக் கிடங்குகளில் பூஜ்யத்துக்குக் கீழே பலகை ஓட வேண்டியிருக்கும். வணிகத் தரம் அங்கே முதல் நாளே தகுதி இழக்கிறது.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எஃப்பிஜிஏவைத் தொழில்தரத்தில் வாங்கிவிட்டு, பக்கத்தில் இருந்து கடிகாரத் துடிப்பைத் தரும் அலையியற்றியையும் ஃபிளாஷையும் கைக்குக் கிடைத்த தரத்தில் போடுவது. பலகையின் தரம் அதில் மிகத் தாழ்ந்த உதிரியின் தரம்தான்.

24 வோல்ட் சென்சர்களையும் 5 வோல்ட் பழைய கருவிகளையும் நேரே இணைக்கலாமா?

24 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் கூடாது. ஒளிவழித் தனிமைப்படுத்தியோ டிஜிட்டல் தனிமைப்படுத்தியோ நடுவில் இருக்க வேண்டும். மின்னல் எழுச்சியைத் தாங்கும் பாதுகாப்பு டையோடும் வேண்டும், சிங்கப்பூரின் இடியைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

5 வோல்ட் கொஞ்சம் நுணுக்கமானது. இன்றைய எஃப்பிஜிஏக்கள் 5 வோல்ட்டைத் தாங்கா. உள்ளே வரும் 5 வோல்ட்டை மின்னழுத்த மாற்றிச் சில்லு வழியே கொண்டுவாருங்கள். வெளியே போகும் 3.3 வோல்ட் மட்டும் டிடிஎல் என்ற பழைய தர்க்க வகை உள்ளீட்டை நேரடியாகவே இயக்கிவிடும், அதற்கு 2.0 வோல்ட் இருந்தாலே ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட் சிமாஸ் (ஒன்று என்று ஏற்க இன்னும் அதிக மின்னழுத்தம் கேட்கும் வகை) உள்ளீடாக இருந்தால் அப்படி விடாதீர்கள். நடுவில் 74எச்சிடி வகைச் சில்லு ஒன்றைப் போடுங்கள்.

பந்துக்கால் உறையா, பக்கவாட்டுக் கால் உறையா?

பந்துக்கால் உறை என்பது கால்களுக்குப் பதிலாக அடியில் சிறு சால்டர் பந்துகள் கொண்டது. மாதம் சில பலகைகள் மட்டும் செய்யும் நிறுவனத்துக்கு என் பதில் ஒன்றே: பக்கவாட்டுக் கால். 144 கால் வரை அந்த உறையில் கிடைக்கிறது. சால்டர் ஒழுங்காகப் பிடித்ததா என்று உருப்பெருக்கியில் கண்ணால் பார்க்கலாம், கையால் மாற்றலாம், நான்கு அடுக்குப் பலகை போதும். பந்துக்கால் உறையைச் சோதிக்க எக்ஸ்ரே வேண்டும், கழற்றி மாட்டத் தனிக் கருவி வேண்டும். 0.5 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் பலகையின் விலையே எகிறிவிடும். கால்கள் போதாமல் பந்துக்கால்தான் என்றாகிவிட்டால் 0.8 அல்லது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதைத் தேடுங்கள்.

இங்கே எல்லாருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஈரப்பதத்தைப் பற்றி. பந்துக்கால் சில்லுகளில் பல எம்எஸ்எல் 3 என்ற ஈர உணர்வு நிலையில் வருகின்றன. காற்றுப் புகாப் பையைத் திறந்த பின் 168 மணி நேரத்துக்குள் பற்றவைத்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். அந்த 168 மணியும் 30 டிகிரிக்கு மிகாத வெப்பமும் 60 விழுக்காட்டுக்கு மிகாத ஈரப்பதமும் உள்ள அறைக்குச் சொன்னது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டி அணைத்த பட்டறையில் வார இறுதி முழுக்கத் திறந்து கிடந்த சில்லுக்கு அந்தக் கணக்கு செல்லாது. உறைக்குள் புகுந்த ஈரம் சால்டர் அடுப்பின் சூட்டில் ஆவியாகி விரிந்து, உறையை உள்ளுக்குள் விரிசல் விடவைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில மாதம் ஓடிவிட்டுத்தான் சாகும்.

பையில் இருக்கும் ஈரங்காட்டி அட்டையின் நிறத்தைப் பாருங்கள். ஐயம் இருந்தால் விதிப்படி சுட்டு உலர்த்திய பிறகே அடுப்புக்கு அனுப்புங்கள். தட்டில் வந்தவற்றை வழக்கமாக 125 டிகிரியில் சுடலாம். நாடாச் சுருளில் வந்தவற்றை அந்தச் சூட்டில் வைத்தால் நாடா உருகிவிடும். உலர் அலமாரி ஒன்று வாங்கிவைப்பது எந்தப் பட்டறைக்கும் வீண்செலவு ஆகாது.

பத்து ஆண்டு கழித்தும் இந்தச் சில்லு கிடைக்குமா?

எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தத் துறையில் நிறுவனங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 1984இல் தொடங்கி அடுத்த ஆண்டே முதல் எஃப்பிஜிஏவைச் சந்தைக்குக் கொண்டுவந்த சைலிங்க்ஸ், 2022இல் ஏஎம்டியின் கைக்குப் போனது. அல்டெராவை இன்டெல் 2015இல் வாங்கியது, பிறகு 2025இல் 51 விழுக்காட்டுப் பங்கைச் சில்வர் லேக் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. ஆக்டெல் 2010இல் மைக்ரோசெமியிடமும், மைக்ரோசெமி 2018இல் மைக்ரோசிப்பிடமும் சேர்ந்தன. பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் சில்லு நின்றுவிடாது. ஆனால் கைமாறிய பிறகு பழைய வரிசைகளைக் கணக்குப் பார்ப்பார்கள். 2024 தொடக்கத்தில் ஏஎம்டி, எக்ஸ்சி9500எக்ஸ்எல், கூல்ரன்னர், ஸ்பார்ட்டன்-2, ஸ்பார்ட்டன்-3 வரிசைகளை நிறுத்துவதாக அறிவித்து, கடைசிக் கொள்முதலுக்கு அந்த ஆண்டின் நடுப்பகுதி வரை நேரம் கொடுத்தது. 5 வோல்ட்டைத் தாங்கும் என்பதற்காகவே எக்ஸ்சி9500எக்ஸ்எல்லை நம்பிப் பலகை வடித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். சில மாதங்களில் வாழ்நாள் இருப்பை வாங்கிவைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

அதே நிறுவனம் 7 வரிசைச் சில்லுகளைக் குறைந்தது 2035 வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது. மைக்ரோசிப், வாடிக்கையாளர் வாங்கும்வரை சில்லை நிறுத்துவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. தரவேட்டைத் திறக்கும் முன் இப்படிப்பட்ட வாக்குறுதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியவை உண்டு. ஒரே கால் அமைப்பில் சிறியதும் பெரியதுமாகப் பல அளவுகள் கிடைக்கும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றுக்குத் தட்டுப்பாடு வந்தால் இன்னொன்றை அதே பலகையில் ஏற்றலாம். 2021 தட்டுப்பாட்டில் இப்படி வடித்தவர்கள்தான் உற்பத்தியை நிறுத்தாமல் ஓட்டினார்கள். நிரலை விஎச்டிஎல் அல்லது வெரிலாக் என்ற சுற்று எழுதும் மொழியில் பொதுப்படையாக எழுதி, நிறுவனத்துக்கே உரிய பகுதிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவையுங்கள். விநியோகஸ்தரின் நிறுத்த அறிவிப்பு வரும் மின்னஞ்சல் முகவரி வேலையை விட்டுப் போன பொறியாளருடையதாக இல்லாமல், நிறுவனத்துக்குப் பொதுவானதாக இருக்கட்டும்.

பழைய இயந்திரத்தில் 20 கால், 24 காலுள்ள கேல் சில்லு செத்துவிட்டது. என்ன செய்வது?

கேல் என்பது பழைய, மிகச் சிறிய நிரல்படு தர்க்கச் சில்லு. அதன்மேல் 16வி8, 22வி10 என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம். மைக்ரோசிப்பின் ஏடிஎஃப்16வி8, ஏடிஎஃப்22வி10 அதே கால் அமைப்பில் 5 வோல்ட்டில் இயங்கும். உள்ளே எழுத வேண்டிய ஜேஇடி கோப்பு இருந்தால் வேலை முடிந்தது. கோப்பும் இல்லை, படிப்புத் தடையும் போடப்பட்டிருக்கிறது என்றால், அதே வகை நல்ல பலகை ஒன்றில் உள்ளீடுகளை மாற்றி மாற்றிக் கொடுத்து வெளியீட்டைப் பார்த்து உண்மை அட்டவணையை மீட்க வேண்டும். நினைவுகொள்ளும் பதிவேடுகள் உள்ளே இருந்தால் அது நாள்கணக்கில் இழுக்கும்.

மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

சிறிய, நடுத்தரச் சில்லுகளுக்கு விவாடோ (ஏஎம்டி), குவார்ட்டஸ் (அல்டெரா), டயமண்ட் (லேட்டிஸ்) ஆகிய மென்பொருள்களின் கட்டணமில்லாப் பதிப்பு அல்லது உரிமமே போதும். லேட்டிஸின் ஐஸ்40 வரிசைக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற திறந்தமூலக் கருவிகள் முழுமையாக இயங்குகின்றன, மாணவர்களுக்கு இதைப் பெரிதும் பரிந்துரைப்பேன். பணத்தைவிடப் பெரிய பிரச்சினை வயது. ஸ்பார்ட்டன்-6க்கு ஐஎஸ்இ 14.7 என்ற சைலிங்க்ஸின் பழைய மென்பொருள் வேண்டும். 2013இல் வந்த அதுவே கடைசிப் பதிப்பு. பலகை வெளியாகும் நாளில், பயன்படுத்திய அதே மென்பொருளோடு மெய்நிகர் கணினி ஒன்றைச் சேமித்துவையுங்கள்.

போட்டியாளர் எங்கள் வடிவமைப்பை நகலெடுத்துவிடுவாரா?

வெளி ஃபிளாஷில் குறியாக்கம் இல்லாமல் வைத்திருந்தால் ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம். குறியாக்கம் செய்தாலும் முழு நிம்மதி இல்லை. 7 வரிசையின் குறியாக்கத்தை உடைக்கும் வழியை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2020இல் ஸ்டார்பிளீட் என்ற பெயரில் வெளியிட்டார்கள். கோளாறு சிலிக்கானிலேயே இருப்பதால் மென்பொருளால் சரிசெய்ய முடியாது. உள் ஃபிளாஷ் உள்ள சில்லில் பூட்டுப் பிட்டை இட்டுவைப்பது சாதாரண நகலெடுப்பைத் தடுத்துவிடும்.

கதிர்வீச்சால் பிட் புரளும் என்கிறார்களே, தரையில் இருக்கும் பலகைக்கும் அது உண்டா?

உண்டு, அரிதாக. வளிமண்டல நியூட்ரான் எஸ்ரேம் செல்லைப் புரட்டலாம். கடல் மட்டத்தில் இருக்கும் நமக்கு அதன் வீதம் குறைவு. பெரும்பாலான வேலைகளுக்கு அவ்வப்போது அமைப்பைச் சரிபார்க்கும் வசதியை இயக்கிவைத்தால் போதும். பாதுகாப்புச் சான்றிதழ் தேவைப்படும் இயந்திரமென்றால் மைக்ரோசிப்பின் இக்லூ2, போலார்ஃபயர் வரிசைகளைப் பாருங்கள், அவற்றில் ஃபிளாஷ் செல்லே நேரடியாகச் சுற்றை அமைக்கிறது. மேக்ஸ் 10, மேக்எக்ஸ்ஓ2 இரண்டும் ஃபிளாஷில் வைத்திருந்தாலும் ஓடும்போது எஸ்ரேமில் நகலெடுத்தே ஓடுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

சிம் லிம் டவரில் வாங்கலாமா?

மின்தடை, இணைப்பான், கம்பி, பெட்டி எல்லாம் அங்கே தாராளமாக வாங்குங்கள். கையில் தொட்டுப் பார்த்து வாங்கும் வசதி வேறெங்கும் இல்லை. வாடிக்கையாளருக்குப் போகும் பலகையின் எஃப்பிஜிஏவை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். பழைய பலகையிலிருந்து கழற்றி, மேலே தேய்த்து, உயர்ந்த தரத்தின் குறியீட்டை அச்சிட்டு விற்பது உலகச் சந்தையில் நடக்கிறது. வணிகத் தரம் தொழில்தரமாக வேடம் போட்டால் சோதனை மேசையில் கண்டுபிடிக்க வழியே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பலகையை ஜொகூரிலோ பாத்தாமிலோ பொருத்துகிறோம். ஏற்றுமதி அனுமதி வேண்டுமா?

இதில் சொன்ன சிறிய சில்லுகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை வராது. 700க்கு மேற்பட்ட டிஜிட்டல் உள்ளீடு வெளியீடுகள், அல்லது நொடிக்கு 500 கிகாபிட் அளவை எட்டும் மொத்தத் தொடர்வழித் தரவு வேகம் கொண்ட எஃப்பிஜிஏக்கள் கேந்திரமுக்கியப் பொருள்களின் பட்டியலில் வருகின்றன. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை முழு வீச்சுக்கும் தரம் பெற்ற ராணுவ வகைச் சில்லுகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எச்சமாக மலிவாகக் கிடைத்தது என்று அப்படிப்பட்ட ஒன்றைப் போட்டுவிட்டுப் பலகையைப் பாலத்தைத் தாண்டி அனுப்பாதீர்கள். விநியோகஸ்தரிடம் வகைப்பாட்டு எண்ணை எழுத்தில் வாங்கி, சில்லின் பெயரோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் வருகிறது என்றால் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் அனுமதியைப் பெற்ற பிறகே பெட்டியை லாரியில் ஏற்றுங்கள்.